காரில் ஏறிய குளிர்சாதனப் பெட்டி

1992ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் திகதி, புதன்கிழமை. காலை 5.05க்கு எழும்பினேன். கிணற்றில் பதினான்கு வாளி அள்ளிக் குளித்தேன். 5.40க்கு வெறுந்தேநீர், பனங்கட்டி ஒரு துண்டு. 5.55க்குக் காரின் முன்மூடியைத் திறந்து, எண்ணெய் மட்டம் பார்க்கும் கோலை உருவி, பழைய பெனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தேன். எண்ணெய் மேல் கோட்டுக்கு எட்டில் மூன்று அங்குலம் மேலே நின்றது. அதை நாட்குறிப்பில் உரிய கட்டத்தில் எழுதி, பக்கத்தில் ‘மிகத் திருப்தி’ என்று குறித்தேன்.

அந்த இரண்டு சொற்களுக்காக என் மனைவி என்னை இன்றுவரை சும்மா விடவில்லை.

நான் அப்போது ஓர் அரச அலுவலகத்தில் படவரைஞர். காணிகளின் எல்லைகளை மைப்பேனாவால் கடதாசியில் இறக்குவது வேலை. என் கோடு பதினாறில் ஓர் அங்குலம் விலகினால் எங்கோ இரண்டு வீட்டார் கதைபேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்தப் பயத்தில் பழகிய கை வீட்டிலும் அளந்துகொண்டே இருந்தது. “இவர் தேங்காய் உடைச்சாலும் ரண்டு பாதியையும் அளந்து பாத்துத்தான் திருவத் தருவார்” என்று மனைவி வருகிறவர்களிடம் சொல்வாள். அது மிகை. ஒரே ஒரு தடவைதான் அளந்தேன்.

காரைப் பற்றிச் சொல்லவேண்டும். யுத்தத்தால் குடாநாட்டுக்குள் பெற்றோல் வராத காலம் அது. மண்ணெண்ணெயில் ஓடச் சம்மதித்தவை ஐம்பதுகளில் செய்த கிழட்டுக் கார்கள் மாத்திரமே. புதிய கார்கள் கொட்டில்களில் சீலை போர்த்துக்கொண்டு படுத்திருந்தன. என்னுடையது கிழடு என்பதால் தெருவில் மரியாதையோடு ஓடியது. அதைக் கிளப்புவதற்கு மட்டும் சொட்டுப் பெற்றோல் வேண்டும். மருந்துக் குப்பியில் வைத்திருந்த பெற்றோலில் ஐந்து மில்லிலீற்றரை ஊசிபோடும் சிறிஞ்சால் இழுத்து, கார்புரேட்டரின் வாயில் பீச்சி, எஞ்சின் இருமிப் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்குத் திருப்பவேண்டும். பிறகு எளிதில் அணைக்க மனம் வராது. கடையில் சாமான் வாங்கும்போதும், கோயிலில் கும்பிடும்போதும் வெளியே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். அணைத்தால் இன்னும் ஐந்து மில்லிலீற்றர்.

அன்று நாங்கள் கோண்டாவிலிலிருந்து உடுப்பிட்டிக்குப் போகவேண்டியிருந்தது. மனைவியின் தமக்கை வீடு அங்கே. தமக்கையின் ஒரே மகளுக்கு மறுநாள் வியாழக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை வீட்டார் சாவகச்சேரிப் பக்கம். தங்கள் ஊர்க் கோயிலில் தாலி கட்டுவதாக அவர்களுக்கு ஒரு நேர்த்தி. முகூர்த்தம் 10.12க்கு. பொம்பிளையை உடுப்பிட்டியிலிருந்து பதினைந்து மைல் கொண்டுபோய் நேரத்துக்கு இறக்கவேண்டும். அந்தப் பொறுப்பை என் கார் ஏற்றிருந்தது. சரியாகச் சொன்னால், என்னைக் கேட்காமல் என் மனைவி ஏற்றிருந்தாள். மாப்பிள்ளையின் தாய்மாமனிடமும் ஒரு மண்ணெண்ணெய்க் கார் இருந்தது. “நாங்களே வந்து ஏத்துறம்” என்று அவர்கள் இரண்டு தரம் சொல்லியனுப்பியிருந்தார்கள். இரண்டு தரமும் தமக்கை, “எங்கடை பிள்ளைக்கு எங்கடை கார் இருக்கு” என்று பதில் அனுப்பியிருந்தாள். ஆகவே என் கார் வழியில் நின்றால் நிற்பது கார் மட்டுமல்ல.

அந்த எண்ணம்தான் மார்ச் மாதம் என்னை வேலையில் இறக்கியது. சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்வந்த ஒருநாள் காரின் அடியில் எண்ணெய்த் தொட்டியைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. பதினைந்து மைல், வழிநெடுக ஆரத்தி, கோயில் வாசலில் அணைக்காமல் நிறுத்திவைப்பது என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தபோது, பொம்பிளையோடு எஞ்சின் இறுகி நிற்கும் காட்சி கண்முன் வந்தது. பழைய ஆங்கில மோட்டார் சஞ்சிகை ஒன்றில் பந்தயக் கார்களின் எண்ணெயைக் குளிரவைக்கும் ஒரு குழாய்ச் சட்டத்தின் படம் இருந்தது. எண்ணெய் வளைந்து வளைந்து போகும் மெல்லிய குழாய், அதன்மேல் காற்று. அதே உருவத்தை நான் வேறெங்கோ பார்த்திருந்தேன். எங்கே என்று யோசித்துக்கொண்டு தண்ணீர் குடிக்கக் குசினிக்குள் போனேன்.

குளிர்சாதனப் பெட்டியின் முதுகில் இருந்தது.

மின்சாரம் போய் இரண்டு வருடமாகப் பெட்டி சும்மா நின்றது. சும்மா என்று சொன்னால் மனைவி ஒத்துக்கொள்ளமாட்டாள். அதற்குள் அரிசிமாவும் உளுத்தமாவும் மிளகாய்த்தூளும் வைத்திருந்தாள். எறும்போ எலியோ நுழையமுடியாத அலுமாரி அது ஒன்றுதான்.

“முதுகுச் சட்டத்தைத்தானே கழட்டப் போறன். கதவு பூட்டும். மா பழுதாகாது” என்றேன்.

“கறண்ட் வந்தால்?”

“வந்த அண்டைக்கே திருப்பிப் பூட்டிவிடுவன்.”

“சூடாகாத எஞ்சின் உலகத்திலை எங்கையாவது இருக்கோ? அடுப்பு சுடுது எண்டு ஆரும் அதுக்கு விசிறுவினமோ?”

நான் பொம்பிளையோடு கார் இறுகி நிற்கும் காட்சியை விவரித்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் வந்து கட்டி இழுக்கும் காட்சியையும் சேர்த்தேன். அவள் மாப் பேணிகளை எடுத்து நிலத்தில் அடுக்கினாள். குழாயை வெட்டியபோது உள்ளே இருந்த வாயு உஸ்ஸென்று நீளமாகப் போயிற்று. “அதுவும் பெருமூச்சு விடுது” என்றாள்.

சட்டத்தை இருபத்திரண்டு அங்குலம் நீளம், பதினான்கு அங்குலம் அகலம் என்று குறுக்கி, முன் பம்பருக்குக் கீழே பூட்டுவதாக நான்கு படங்கள் வரைந்தேன். வடிகட்டிக்குப் போகும் எண்ணெய்க் குழாயை இடையில் வெட்டி, எண்ணெயைச் சட்டத்துக்குள் ஒருமுறை சுற்றவிட்டுத் திருப்பிக் கொண்டுவருவது என் ஏற்பாடு. குழாய்களை ஒட்டுவதற்குக் குருநகருக்குப் போனேன். அங்கே வள்ளங்களின் பின்னால் பூட்டும் எஞ்சின்களைத் திருத்துகிற ஒருவர் இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு பூவரச மரத்தின் கீழே அவரது பட்டறை. படங்களை விரித்து, “அண்ணை, உள்ளபடி ஒட்டித் தந்தாக் காணும்” என்றேன்.

அவர் முதற் படத்தை ஒரு பக்கம் பிடித்துப் பார்த்தார். பிறகு தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

“இதென்ன?”

“எஞ்சின் எண்ணெயைக் குளிர வைக்கிறதுக்கு.”

“ஓ.” சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார். “படம் நல்ல வடிவு, எஞ்சினியர்.”

அன்றிலிருந்து அவருக்கு நான் எஞ்சினியர். வேலையைச் சொன்ன நாளில், சொன்ன அளவில் முடித்துத் தந்தார். ஒட்டு ஒன்றுகூடக் கசியவில்லை. ஏப்ரல் முழுவதும் கார் ஓடியபின் எண்ணெய்த் தொட்டியைத் தொட்டுப் பார்ப்பேன். இளஞ்சூடு. எண்ணெயும் ஒரு துளிகூடக் குறையவில்லை. மற்றக் கார்க்காரர்கள் எண்ணெய் கிடைக்காமல் திண்டாடும்போது என் காரில் அது கூடிக்கொண்டு வந்தது. கூடியது எப்படி என்று நான் என்னைக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. கட்டத்தில் எழுதினேன்.

அன்று குருநகர் அண்ணையும் எங்களோடு வந்தார். பருத்தித்துறையில் ஒரு வள்ளத்து எஞ்சின் திருத்தப் போகவேண்டும், உடுப்பிட்டி வரை ஏற்றிச்செல்ல முடியுமா என்று முதல்நாள் கேட்டிருந்தார். காலை 9.20க்கு வந்து, தன் சைக்கிளைக் காரின் பின்புறத்தில் கயிற்றால் கட்டிவிட்டு, பின் ஆசனத்தில் ஏறினார். மனைவி முன்னால் கூறைச்சீலைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். 9.31க்குப் புறப்பட்டோம்.

நீர்வேலியில் ஓரமாக நிறுத்தினேன். எஞ்சினை அணைக்கவில்லை. அண்ணையை இறக்கி, சட்டத்திலிருந்து எண்ணெய் திரும்பும் குழாயில் கைவைக்கச் சொன்னேன்.

“எப்பிடி?”

அவர் இரண்டு விரலால் தொட்டார். “ஓம், நல்லாத்தான் குளிருது.”

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். மனைவி கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டி, “தலைக்கு எண்ணெய் வச்சு முழுகவும் வார்த்துவிட்டால் இன்னும் நல்லாய்க் குளிரும்” என்றாள்.

காரின் முன்தட்டில் எண்ணெயின் அமுக்கத்தைக் காட்டும் ஒரு வட்டமானி உண்டு. ஓடும்போது முள் நாற்பதில் நிற்பது வழக்கம். கடைசி இரண்டு வாரமாக முப்பதில் நின்றது. கிழட்டு முள், அதற்கும் களைப்பு இருக்கும் என்று விட்டிருந்தேன். அச்சுவேலி கழியும்போது இருபத்தைந்து. வல்லை வெளிக்குள் இறங்கியதும் சோழகக் காற்று வலப்பக்கத்தால் அடித்தது. பாலத்தில் ஏறும்போது முள் பன்னிரண்டுக்கு வந்துவிட்டது. பாலம் இறங்கியதும் எஞ்சினுக்குள் ஒரு சத்தம் தொடங்கியது. அம்மிக்குழவியை யாரோ மெதுவாகத் தூக்கித் தூக்கி வைப்பதுபோல.

“இது ஆர் தட்டுறது?” என்றாள் மனைவி.

“காற்றுக்கு மூடி ஆடுது.”

“எஞ்சினியர், நிப்பாட்டுங்கோ” என்றார் அண்ணை.

நான் தயங்கினேன். திரும்பக் கிளப்ப ஐந்து மில்லிலீற்றர் வேண்டும்.

“அவர் நிப்பாட்டச் சொல்லுறார், காது கேக்கேல்லையோ?” என்றாள் மனைவி. அணைத்தேன்.

வல்லை வெளியில் நிற்பது அந்நாட்களில் எவருக்கும் பிடித்த காரியமல்ல. ஹெலிகொப்டர் வந்தால் ஒதுங்க ஒரு மரம் இல்லை. இரண்டு பக்கமும் உவர் நிலம், மேலே வெறும் வானம். அண்ணை அவசரப்படாமல் மூடியைத் திறந்தார்.

“எண்ணெய் எவ்வளவு நிக்குது?”

இந்தக் கேள்விக்காகவே நான் பிறந்தவன். ஆசனத்தின் கீழிருந்து நாட்குறிப்பை எடுத்து நீட்டினேன். ஏப்ரல் முதலாம் திகதியிலிருந்து ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு கட்டமும். “பாருங்கோ அண்ணை, ஒரு துளி குறையேல்லை. சொல்லப்போனால் கூடியிருக்கு.”

அவர் விரலை வைத்து மேலிருந்து கீழாகப் பார்த்துக்கொண்டு வந்தார். மே நடுப்பகுதிக்கு வந்தபோது அவரது தோள் குலுங்கத் தொடங்கியது. ‘மிகத் திருப்தி’க்கு வந்தபோது திறந்த மூடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, “தங்கச்சி, உங்கடை மனிசன் எண்ணெய்க் கிணறு தோண்டியிருக்கிறார்” என்றார்.

பிறகு எண்ணெய்க் கோலை உருவி மணந்தார். என்னிடமும் நீட்டினார். அந்தக் கோலை நான் எழுபத்தொரு நாட்களாகத் தினமும் உருவியிருக்கிறேன். ஒருநாளாவது மணந்ததில்லை. மணப்பதற்கு நாட்குறிப்பில் கட்டம் இல்லை.

“மண்ணெண்ணெய் மணக்குது” என்றேன்.

“கார் முழுக்கத்தான் மணக்குது. இதைப் பாருங்கோ.” கோலின் நுனியை நாட்குறிப்பின் மேல் கொண்டுபோனார்.

“அண்ணை, அதிலை வேண்டாம், வேறை கடதாசி...”

ஒரு துளி ஜூன் 10இன் மேல் விழுந்தது. நடுவில் ஒரு கறுப்புப் பொட்டு நின்றது. அதைச் சுற்றி நிறமில்லாத ஈரம் விரிந்து, ஒன்பதாம் திகதியைத் தாண்டி, எட்டாம் திகதியையும் பிடித்தது.

“நடுவிலை நிக்கிற பொட்டு எண்ணெய். சுத்திப் பரவுறது மண்ணெண்ணெய்” என்றார். “மண்ணெண்ணெய் முழுக்க எரியிறேல்லை, எஞ்சினியர். மிச்சம் பிஸ்டன் ஓரத்தாலை கீழை இறங்கி எண்ணெயோடை சேரும். எஞ்சின் சூடாய் ஓடினா அது ஆவியாய் மேலாலை போயிடும். நீங்கள் சூடாக விட்டால்தானே போகும்? குளிரவச்சுக் குளிரவச்சுச் சேமிச்சிருக்கிறியள். இப்ப உள்ளை இருக்கிறது எண்ணெய் இல்லை, ரசம். அதுதான் அமுக்கம் நிக்கேல்லை. எங்கடை வள்ளத்து எஞ்சினும் மண்ணெண்ணெய்தான். குளிர்ந்தால் இருமும், சுட்டால் பாடும்.”

“அப்ப நீங்கள் ஒட்டேக்கையே எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“நீங்கள் ஒட்டத்தான் கேட்டனீங்கள். கேள்வி கேப்பம் எண்டு பாத்தனான். உங்கடை படத்திலை அதுக்கு இடம் இருக்கேல்லை. எல்லா இடத்திலையும் அளவு எழுதியிருந்தது.”

நான் நாட்குறிப்பை வாங்கி மூடினேன். 

இவ்வளவு நேரமும் மனைவி சிரிக்கவில்லை. கூறைச்சீலைப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆசனத்திலேயே இருந்தாள். “அப்ப நாளைக்கு?” என்றாள்.

அண்ணை என்னைப் பார்த்தார். நான் எண்ணெயைப் பார்த்தேன். புதிய எஞ்சின் எண்ணெய் அந்த மாதம் குடாநாட்டில் எந்தக் கடையிலும் இல்லை.

“ரசத்தைத் திருப்பிக் குழம்பாக்கலாம். வத்தக் காய்ச்சவேணும். அடுப்பு வேணும்” என்றார் அண்ணை.

“போற இடத்திலை ஆறு அடுப்பு எரியுது. வாருங்கோ” என்றாள் மனைவி.

ஐந்து மில்லிலீற்றர் பீச்சி, மணிக்குப் பத்து மைல் வேகத்தில் ஊர்ந்து, 11.50க்கு உடுப்பிட்டி வீட்டுப் படலையில் போய் நின்றோம். அண்ணை பருத்தித்துறைப் பயணத்தைப் பின்னேரத்துக்குத் தள்ளிவைத்தார்.

பந்தல் போட்டு முடிந்திருந்தது. பின் வளவில் கல்லடுப்புகள் எரிந்தன. தமக்கை எங்களைக் கண்ட சந்தோஷத்தில் வந்தவள், மனைவி காதுக்குள் சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றாள்.

“தம்பி, உண்மையைச் சொல்லுங்கோ. நாளைக்குக் கார் ஓடுமோ ஓடாதோ?”

“காய்ச்சிப் பாத்தால்தான் தெரியும், அக்கா.”

“என்னத்தை?”

“எண்ணெயை.”

“என்ரை பிள்ளையின்ரை கலியாண வீட்டிலை மோட்டர் எண்ணெய் காய்ச்சப் போறியளோ!” தலையில் கை வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அவையின்ரை காரிலை பிள்ளை போய் இறங்கினால், நாளைக்கு ஒரு குழந்தை பிறந்து, அது பள்ளிக்கூடம் போறவரைக்கும் சொல்லிக் காட்டுவினம். ‘நாங்கள்தானே ஏத்திக்கொண்டு வந்தனாங்கள்’ எண்டு. எனக்குத் தெரியாதே?”

மனைவிதான் கணக்கைத் தெளிவாக்கினாள். காலை ஆறு மணிக்குள் சைக்கிளில் ஒருவரைச் சாவகச்சேரிக்கு அனுப்பினால் அவர்களின் கார் எட்டரைக்கு இங்கே வந்துவிடும். அதற்குப் பிந்தினால் முகூர்த்தம் தப்பும். ஆகவே ஆறு மணிவரைதான் என் காருக்குத் தவணை. “ஆறு மணிக்கு நான் சொல்லுவன். நான் சொல்லுறது முடிவு” என்றாள் மனைவி. என்னை ஒருவரும் கேட்கவில்லை.

தலைமைச் சமையற்காரர் நெற்றி நிறையத் திருநீறோடு ஆறு அடுப்புக்கும் முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றார். “என்ரை அடுப்புக்குக் கிட்ட உந்தச் சாமானைக் கொண்டு வரப்படாது. நாளைக்குப் பாயசம் மண்ணெண்ணெய் மணந்தால் எனக்கு இந்த ஊரிலை பிறகு வேலை இல்லை.” அவர் சொன்னது நியாயம். நாங்கள் வாழைகளுக்கு அப்பால், காற்று வீட்டை விட்டு வெளியே போகும் பக்கமாக மூன்று கல் வைத்தோம். தமக்கை, காது உடைந்த ஒரு பெரிய இரும்புத் தாச்சியைத் தந்தாள். “உது திருப்பி வேண்டாம்” என்றாள். விறகு வைக்க அண்ணை விடவில்லை. சுவாலை எட்டினால் எல்லாம் பற்றிவிடும் என்று சிரட்டைக் கரித் தணல் மட்டும் போட்டார். பக்கத்தில் ஈரச்சாக்கும் ஒரு பெட்டி மணலும் வைத்தார்.

எண்ணெயைக் காரிலிருந்து இறக்கிச் சுண்டால் அளந்தேன். பால்பேணிச் சுண்டு. பதினைந்தேகால் சுண்டு வந்தது. 1.15க்குத் தாச்சி தணலில் ஏறியது. அண்ணை ஒரு நீளமான அகப்பையால் கிண்டினார். நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் தாச்சியிலிருந்து புகை எழும்பியது. குப்பி விளக்கு அணைந்த மணம் வாழைத்தோட்டம் முழுவதும் பரவியது.

பந்தலுக்கு வந்த அயல்வீட்டுப் பெண் ஒருத்தி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். கறுப்பாகப் பளபளவென்று ஏதோ கிண்டப்படுகிறது. கலியாண வீட்டில் வேறென்ன பலகாரம் கிண்டுவார்கள்?

“தொதலோ? நல்ல நிறம் வந்திட்டுது. இன்னும் இறுகேல்லைப் போலை.”

“ஓம் பிள்ளை,” என்றார் அண்ணை முகம் மாறாமல், “சர்க்கரை காணாது. கொஞ்சம் நிண்டால் ருசி பாக்கலாம்.”

அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு போனாள். அந்த வீட்டில் தொதல் பழுதாகிவிட்டது என்ற கதை பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுவதும் போய்ச்சேர்ந்ததாகத் தமக்கை பிறகு கோபத்தோடு சொன்னாள்.

பொம்பிளையும் வந்தாள். கையில் மருதோன்றி காயாமல் இருந்தது. விரல்களை விரித்துப் பிடித்துக்கொண்டு தாச்சியைப் பார்த்தாள். “சித்தப்பா, அவை பொம்பிளை கேட்டு வரேக்கை இவளுக்குச் சமைக்கத் தெரியுமோ எண்டு கேட்டவை. எங்கடை வீட்டிலை சித்தப்பாதான் சமையல் எண்டு சொல்லட்டோ?”

“போம் பிள்ளை, புகை பிடிக்கும்.”

“பிடிக்கட்டும். எப்பிடியும் நாளைக்கு மண்ணெண்ணெய் மணக்க மணக்கத்தானே கழுத்து நீட்டப் போறன்.” சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் போகும்போது ஒருமுறை திரும்பிக் காரைப் பார்த்தாள். அது திறந்த வாயோடு வேப்பமரத்தின் கீழே நின்றது. அந்தப் பார்வைக்குப் பிறகு நான் மணிக்கூட்டை விட்டுவிட்டு அகப்பையை வாங்கிக்கொண்டேன்.

4.05க்குப் புகை மெலிந்தது. அண்ணை அகப்பையைத் தூக்கிச் சரித்துப் பார்த்தார். எண்ணெய் இழையாக இறங்கியது. நாட்குறிப்பைக் கேட்டார். நான் மறுக்காமல் கொடுத்தேன். எழுதப்படாத பக்கத்தில் ஒரு துளி விட்டார். கறுப்புப் பொட்டு நின்றது. சுற்றியிருந்த ஈரம் விரல்நகம் அளவோடு நின்றுவிட்டது.

ஆறவைத்து அளந்தபோது பன்னிரண்டரைச் சுண்டு. இரண்டே முக்கால் சுண்டு மண்ணெண்ணெய் உடுப்பிட்டிக் காற்றோடு போயிருந்தது. பழைய வேட்டித் துண்டில் வடித்துக் காருக்குள் ஊற்றினேன். மட்டம் இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நின்றது. அது போதும் என்றார் அண்ணை.

இனிச் சட்டம். அதைக் கழற்றிவிட்டுக் குழாயை நேராக ஒட்ட அங்கே சாமான் இல்லை. காற்றுப் படாமல் அதை மூடிக்கட்டுவது ஒன்றே வழி. நான் இருபத்திமூன்றரைக்குப் பதினைந்து என்று ஒரு துண்டில் எழுதி மனைவியிடம் நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. ஒரு சீனிச் சாக்கை இரண்டாக மடித்து, சட்டத்துக்கு முன்னால் ஒருமுறை பிடித்துப் பார்த்து, கோணி ஊசியால் மூன்று பக்கமும் தைத்துக்கொண்டு வந்தாள். உறை தலையணைக்குப் போட்டதுபோல ஏறியது.

“என்ரை பெட்டியின்ரை முதுகை உரிச்சனீங்கள். இப்ப அதுக்குக் குளிருது எண்டு நான் சட்டை தைச்சுப் போடுறன்” என்றாள். வல்லைக்குப் பிறகு அவள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

5.15க்கு அண்ணை சைக்கிளில் ஏறினார். தமக்கை ஒரு பொதி பலகாரம் கட்டிக்கொடுத்தாள். அவர் அதை விரித்து, தொதல் இருக்கிறதா என்று தேடிப்பார்த்துவிட்டு மடியில் கட்டிக்கொண்டார். “காலமை ஒருக்கா ஓட்டிப் பாருங்கோ, எஞ்சினியர். எழுதிப்போட்டுப் பாக்காதேங்கோ. பாத்துப்போட்டு எழுதுங்கோ.”

நான் அன்றிரவு எதுவும் எழுதவில்லை.

மறுநாள், 11ஆம் திகதி வியாழக்கிழமை காலை, முதல் வேலை மனைவியுடையது. நான் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போகையில், அவள் அவிழ்ந்த கொண்டையை முடிந்துகொண்டு நேரே போய்க் காரின் முன் ஆசனத்தில் ஏறி இருந்தாள். “நெல்லியடிச் சந்தி வரைக்கும் போட்டு வருவம். பிள்ளை ஏற முதல் நான் ஏறிப் பாக்கவேணும்.” மணி 5.12. பீச்சினேன். கிளம்பியது. அவள் தெருவைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அதுவரை ஒருநாளும் ஏறெடுத்துப் பாராத அந்த வட்டமானியை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தியில் முள் முப்பத்தெட்டு. திருப்பி நிறுத்தி எஞ்சினைச் சும்மா ஓடவிட்டேன். இருபதுக்குக் கீழே இறங்கவில்லை. அம்மிக்குழவி பேசவில்லை. திரும்பி வரும்போது, “இன்னும் கொஞ்சம் கெதியாய் ஓட்டுங்கோ” என்றாள். ஓட்டினேன். முள் அசையவில்லை.

5.40க்குப் படலைக்கு வந்தோம். சாவகச்சேரிக்குப் போவதற்குப் பெரியப்பா முறையான ஒருவர் வேட்டியை மடித்துக்கட்டி, சைக்கிளைத் தெருவில் இறக்கிவிட்டு நின்றார். தமக்கை அதன் கைப்பிடியைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். மனைவி காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

“அக்கா, சைக்கிளை உள்ளை விடச் சொல்லு. பிள்ளையைக் குளிக்க வார்.”